தூருக்கு ஒண்ணா, ரெண்டா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

ஹெட்ஃபோன்ல கேக்குறவங்களுக்குப் பின்னாடி ஒரு இரைச்சல் கேக்கும். மைக் ரிப்பேர் இல்ல. அது தவளை. இன்னைக்கு நான் சென்னை ரூம்ல இல்ல, ஊர்ல எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசுறேன். திருவையாறு பக்கம், காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவுல ஒரு கிராமம். கார்த்திகை மாசம், மழை இப்பதான் விட்டிருக்கு. சம்பா நட்டு 50 நாள் ஆகுது. நாய்ஸ் கேன்சலேஷன் போட்டுப் பார்த்தேன், தவளையோட சேர்ந்து என் குரலும் காணாமப் போச்சு. சரி, கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.

வழக்கமா இந்த ஷோல டெக், வேலை, சம்பளம், மேனேஜர்னு புலம்புவோம். இன்னைக்கு சிலந்தி. யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க, நடுவுல சர்வர் எல்லாம் வரும்.

விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் சம்பாவுல எங்க வயல்ல புகையான் விழுந்தது. அதுக்குக் காரணம் நான்தான்.

எங்களுக்கு 9 மா நிலம். ஏக்கர் கணக்குல சொன்னா 3. அப்பாதான் பார்க்குறார். நான் லேப்டாப் முன்னாடி உக்காந்து வாட்ஸ்அப்ல விவசாயம் பண்றவன். போன வருஷம் நட்டு 20-வது நாள் அப்பா ஒரு போட்டோ அனுப்பினார். இலையில வெள்ளை வெள்ளையா கோடு, இலையோட ரெண்டு ஓரமும் ஒட்டி குழாய் மாதிரி சுருண்டிருக்கு. இலைச்சுருட்டுப் புழு. "பயிரு அழகே கெட்டுப்போச்சு தம்பி"ன்னு ஒரு வாய்ஸ் நோட்டும் வந்தது. அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல ரிலீஸ். போட்டோவை ஒரு ஆப்ல போட்டேன், அது ஒரு மருந்து பேரைச் சொல்லிச்சு. செயற்கை பைரித்ராய்டு வகை. விலை கம்மி, அடிச்ச அன்னைக்கே புழு கீழ விழும். ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். 3 நிமிஷ வேலை. மருந்து வந்தது, அப்பா அடிச்சார், புது இலை பச்சைப்பசேல்னு வந்தது. 35-வது நாள் இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். வயல்ல அப்ப ஒண்ணுமே இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னுதான். கூடவே யூரியா.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல இருக்கும்போது அப்பா கூப்பிடுறார். அவர் அந்த நேரத்துல கூப்பிடவே மாட்டார். எடுத்ததும், "பொகஞ்சு போச்சுடா"ன்னார். வேற எதுவும் சொல்லல.

பார்க்காதவங்களுக்குச் சொல்றேன். பச்சை வயலுக்கு நடுவுல வட்டமா, யாரோ அங்க மட்டும் தீ மூட்டி அணைச்ச மாதிரி, பயிர் பழுப்பாக் காய்ஞ்சு நிக்கும். இன்னைக்கு ஒரு பாய் அகலம் இருக்கிற வட்டம் ஒரு வாரத்துல ஒரு களம் அகலம் ஆகும். குத்தை விரிச்சு அடியில பார்த்தா, தண்ணிமட்டத்துக்கு மேல, தவிட்டு நிறத்துல, எள்ளு அளவுல பூச்சி அப்பிக்கிட்டு இருக்கும். தண்டுல ஊசியைச் செருகிச் சாறு குடிக்கும். மேல இருந்து அடிக்கிற மருந்து அங்க இறங்காது. நான் சனிக்கிழமை ஊருக்கு வந்து இறங்கினப்ப 2 மா போயிருந்தது. மாவுக்கு 10 மூட்டை காணுற நிலம். வைக்கோலைக்கூட மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு.

பயிர்க் காப்பீடு இருக்கேன்னு நினைப்பீங்க. அது கிராமத்துச் சராசரி மகசூலைப் பார்த்துத் தர்றது. ஒருத்தன் வயல் மட்டும் பொகஞ்சா சராசரி அசையாது. கூட்டுறவுச் சங்கக் கடன் மட்டும் அப்படியே நின்னது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. மருந்தை ஆர்டர் பண்ணது நான்னு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பொங்கல் வரைக்கும் அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. எங்க வீட்டு ஆம்பளைங்க அப்படித்தான்.

தை மாசம் சென்னை திரும்பினதும் எங்கதான் தப்புன்னு தேட ஆரம்பிச்சேன். போஸ்ட்மார்ட்டம் எழுதிப் பழக்கப்பட்ட கை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட பரிந்துரையில புகையானுக்கு ஒரு கணக்கு இருக்கு. எப்ப மருந்து அடிக்கணும், எப்ப அடிக்கக் கூடாதுன்னு எல்லாப் பூச்சிக்கும் ஒரு எல்லை வெச்சிருப்பாங்க. பொருளாதாரச் சேத நிலைன்னு பேரு. அதைத் தாண்டினாத்தான் மருந்துச் செலவு நியாயம். புகையானுக்கு அந்த எல்லை, தூருக்கு ஒரு பூச்சி. ஆனா குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா, தூருக்கு 2 பூச்சி.

நான் அந்த வரியை நாலஞ்சு தடவை படிச்சேன். ஒரு சிலந்தி இருந்தா எல்லை இரட்டிப்பாகுது. அப்ப 'புகையான் ஆபத்தா?'ங்கிற கேள்விக்கு புகையானை மட்டும் எண்ணிப் பதில் சொல்லவே முடியாது. பக்கத்துல யார் இருக்காங்கன்னு பார்த்துத்தான் சொல்லணும். அதே பரிந்துரையில, செயற்கை பைரித்ராய்டு அடிக்காதே, அடிச்சா புகையான் திரும்ப எழும்னும் இருக்கு. நான் 3 நிமிஷத்துல ஆர்டர் பண்ண அதே வகை.

இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கிடறேன். புகையான் வயலுக்குள்ள வரும்போது நீள இறக்கையோட பறந்து வரும். வந்ததும் அடுத்த தலைமுறை குட்டை இறக்கையோட பிறக்கும். பறக்க வேண்டிய வேலை இல்ல, அதனால உக்காந்த இடத்துலயே முட்டை வைக்கும். முட்டையை வெளிய வைக்காது, இலையுறையைக் கீறி உள்ள சொருகும். மருந்து அடிச்சா வெளிய இருக்கிற பூச்சி சாகும், உள்ள இருக்கிற முட்டை சாகாது. ஒரு வாரம் பத்து நாள்ல குஞ்சு வெளிய வரும். சாதாரணமா அந்தக் குஞ்சுக்காக வயல்ல ஒரு கூட்டமே காத்திருக்கும். ஓநாய்ச் சிலந்தி, இது வலை கட்டாது, குத்துக்குக் குத்து ஓடி வேட்டையாடும். தண்ணி மேல ஓடுற குட்டி நாவாய்ப்பூச்சி, அது கீழ விழுற குஞ்சைப் பிடிக்கும். மிரிட்னு இன்னொரு நாவாய்ப்பூச்சி, இலையுறைக்குள்ள ஊசியை விட்டு முட்டையையே உறிஞ்சிடும். ஊசித்தட்டான், பொறிவண்டு எல்லாம் இருக்கும். இவங்க எல்லாருமே வெளிய நடமாடுறவங்க, முதல் அடியிலயே போயிடுவாங்க. குஞ்சு பொரிச்சு வெளிய வரும்போது வயல் காலி. சாப்பாடு இருக்கு, எதிரி இல்ல. அதுக்கு மேல நான் யூரியா வேற போட்டு விருந்து வெச்சிருந்தேன்.

1970-களோட கடைசியில பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல பீட்டர் கென்மோர்னு ஒருத்தர் இதைத்தான் வயல்ல காட்டினார். புகையான் வெடிச்சது மருந்து அடிச்ச வயல்ல. அதுக்கு அப்புறம் இந்தோனேசியா 1986-ல நெல்லுக்கு அடிச்சுக்கிட்டிருந்த 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவுல தடை பண்ணிச்சு. 1989-க்குள்ள மருந்து மானியத்தையும் நிறுத்திட்டாங்க. நாடு பட்டினி கிடக்கல, நெல் விளைச்சல் விழவும் இல்ல. நான் பிறக்குறதுக்கு முன்னாடியே தீர்த்து வெச்ச பக்கை நான் திரும்ப உருவாக்கியிருக்கேன்.

இப்ப அந்த சர்வர் கதை. ஆன்-கால்ல இருந்தவங்களுக்கு இது புரியும். ராத்திரி 2 மணி, பேஜர் அடிக்குது, பேமெண்ட் போகலன்னு. டாஷ்போர்டைத் திறந்தா எல்லா சர்வீஸும் பச்சை. ஆர்டர் சர்வீஸ் உயிரோட இருக்கு, பேமெண்ட் சர்வீஸ் உயிரோட இருக்கு, டேட்டாபேஸ் இருக்கு. ஆனா ஒண்ணு இன்னொண்ணோட பேசல. நாம ஒவ்வொண்ணையும் தனித்தனியா 'நீ இருக்கியா?'ன்னுதான் கேட்டு வெச்சிருக்கோம். 'நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?'ன்னு யாரும் கேக்கல.

உயிரினங்களைப் பாதுகாக்கிறதையும் நாம பெரும்பாலும் அப்படித்தான் செய்றோம். எத்தனை புலி இருக்கு, எத்தனை கழுகு இருக்குன்னு பட்டியல் போடுறோம். பட்டியல் தப்புன்னு சொல்லல, அது வேணும். ஆனா டேனியல் ஜான்சன்னு ஒரு உயிரியலாளர், கோஸ்டாரிக்கா காடுகள்ல வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர், 1974-லயே ஒண்ணு எழுதினார். உயிரினம் அழியுறதை எல்லாரும் பார்க்குறாங்க, உயிரினங்களுக்கு நடுவுல இருக்கிற உறவு அழியுறது யார் கண்ணுக்கும் படறதில்ல, ஆனா அதுவும் அழிவுதாங்கிற மாதிரி. எங்க ஓநாய்ச் சிலந்தி எந்தச் சிவப்புப் பட்டியல்லயும் சேராது. இந்தியாவுல இருந்து ஜப்பான் வரைக்கும் நெல் வயல் இருக்கிற இடத்துல எல்லாம் இருக்கு. போன மார்கழியில எங்க வரப்புலகூட நாலஞ்சு ஓடிச்சு. சிலந்தி இனம் சௌக்கியம். எங்க 9 மாவுல அது பார்த்துக்கிட்டிருந்த வேலை மட்டும்தான் அழிஞ்சுது.

சரி, மருந்து அடிக்காம இருந்தா போதுமா? அங்கதான் எனக்கு இன்னொரு அடி விழுந்தது. சிலந்தி புகையானைத் தின்னும், ஒத்துக்கிறேன். ஆனா புகையான் வர்றதே 40, 50 நாள் கழிச்சுத்தான். நட்ட முதல் மாசம் சிலந்தி எதைத் தின்னு உயிரோட இருக்கும்?

இதே கேள்வியை ஜாவா தீவு வயல்ல வில்லியம் செட்டில்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் வருஷக்கணக்கா எண்ணிப் பார்த்திருக்காங்க. 1996-ல அந்த ஆய்வுக்கட்டுரை வந்தது. அவங்க வயல்கள்ல 700-க்கும் மேல பூச்சி, சிலந்தி வகைகள். நட்ட புதுசுல வயலை நிரப்புறது பயிரைத் தின்னுற பூச்சி இல்லவே இல்ல. சேத்துல மக்குற குப்பையையும் தண்ணிப் பாசியையும் தின்னுற சின்னச் சின்னப் பூச்சிங்க. கொசு மாதிரியே இருக்கும், ஆனா கடிக்காது, சாயங்காலம் தலைக்கு மேல தூண் மாதிரி சுத்துமே, அது. அதோட புழு சேத்துல வளரும். சேத்துல துள்ளுற, கண்ணுக்குச் சரியாத் தெரியாத உயிருங்க வேற. இதையெல்லாம் தின்னுதான் சிலந்தி முதல் மாசம் குடும்பம் நடத்துது, பெருகுது. புகையான் வந்து இறங்கும்போது அது ஏற்கெனவே கூட்டமா, பசியோட, தயாரா இருக்கு. வயல்ல மக்குற பொருளைக் கூட்டினா அந்தச் சேத்துப் பூச்சிங்க கூடுச்சு, அதைத் தொடர்ந்து வேட்டைப் பூச்சிங்களும் கூடுச்சுன்னு சோதனை பண்ணியே காட்டியிருக்காங்க. முதல் மாசம் மருந்து அடிச்சா இந்தச் சங்கிலி ஆரம்பத்துலயே அறுந்துடும்.

நான் 20-வது நாள் அடிக்கச் சொன்னது இலைச்சுருட்டுப் புழுவுக்கு. விழுந்தது சிலந்தி மேல, சிலந்தியோட சோத்துத் தட்டு மேல. அந்த வயசுல நெற்பயிர் கொஞ்சம் இலை போனாத் தாங்கிக்கும், புது இலை விட்டு ஈடு கட்டிக்கும். அழகுதான் கெட்டிருக்கும். மகசூல் இல்ல.

இதை அப்பாயிகிட்ட சொன்னேன். அப்பாயிக்கு 84 வயசு. பாதி காது கேக்கும். நான் கொசு, சேறு, சிலந்தின்னு கத்திக்கிட்டிருந்தேன். அது எல்லாத்தையும் கேட்டுட்டு, "கெடை போட்ட வயலு பொகையாதுன்னு ஒங்க தாத்தா சொல்லும்"னுச்சு. அவ்வளவுதான், வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிச்சு.

கிடை தெரியாதவங்களுக்கு: அறுவடை முடிஞ்சதும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துல இருந்து கீதாரிங்க ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு டெல்டாவுக்கு வருவாங்க. ராத்திரி வயல்ல பட்டி அடைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு, அதுக்குக் கூலி அவங்களுக்கு. உரம்னுதான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன். ஜாவா ஆய்வைப் படிச்ச பிறகு, அந்தப் புழுக்கைதான் சேத்துக் கொசுவோட சாப்பாடு, அது சிலந்தியோட சாப்பாடுன்னு எனக்குக் கோடு போட்டுப் பார்க்கத் தோணுது. இது என் ஊகம்தான். தாத்தா சொன்னது எல்லா வருஷமும் பலிச்சதான்னு யாரும் எழுதி வைக்கல. ஆனா ராமநாதபுரத்து ஆட்டுக்கும் திருவையாத்துச் சிலந்திக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கலாம்ங்கிறதே எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துச்சு. எங்க நிலத்துல கிடை போட்டு 15 வருஷம் ஆச்சு.

இன்னொரு கோடு. எங்க வயல்ல நடவுக்கும் களையெடுப்புக்கும் வர்ற ஒரு அக்கா, என் அம்மா வயசு. போன வருஷம் களையெடுக்கும்போது கேட்டுச்சு, "என்னா தம்பி, ஒங்க வயல்ல ஒரு நண்டு காணும்?" வேலை முடிஞ்சு போகும்போது மடியில 10 நண்டு, வாய்க்கால்ல கொஞ்சம் உளுவை, கெண்டைன்னு பிடிச்சுக்கிட்டுப் போறது வழக்கம். கூலிக்கு மேல அந்த வீட்டுக்கு அன்னைக்கு ராத்திரிக் குழம்பு அது. நண்டு வரப்புல ஓட்டை போடும், தண்ணி நிக்காது, அதனால விவசாயிக்கு நண்டைப் பிடிக்காது. அந்த அக்கா வந்து பிடிக்கும், ரெண்டு பேருக்கும் சரியாப் போகும். அதுவும் ஒரு உறவுதானே? என் மருந்தாலதான் நண்டு போச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அந்தக் கேள்விக்கு அன்னைக்கு என்கிட்ட பதில் இல்லாம, போனைப் பார்க்குற மாதிரி நின்னேன்.

இதெல்லாம் படிச்சுட்டு ஆனி மாசம் ஊருக்கு வந்து அப்பாகிட்ட பேசினேன். முதல் 40 நாள் எதுவும் அடிக்க வேண்டாம்னு. வியட்நாம்ல மேகாங் டெல்டாவுல 1990-கள்ல இதையே ஒரு பிரசாரமாச் செஞ்சாங்க. போஸ்டர் ஒட்டி, ரேடியோவுல குட்டிக் குட்டி நாடகம் போட்டு. விவசாயிங்க மருந்து அடிக்கிற தடவை பாதி அளவுக்குக் குறைஞ்சது. ரேடியோ நாடகம்! ஆடியோ பண்றவன்ங்கிற முறையில இந்த இடத்துல எனக்குக் கொஞ்சம் பெருமை.

அப்பாவுக்கு அதெல்லாம் ஏறல. சங்கக் கடன் போன வருஷத்துதே பாக்கி. இந்த வருஷமும் போச்சுன்னா அம்மா நகைதான். அவர் பயம் எனக்குப் புரிஞ்சுது. நான் சம்பளக்காரன், தப்பாப் போனாலும் 1-ந் தேதி காசு வரும். அதனால ரொம்ப புத்திசாலித்தனமா, "3 மா மட்டும் அடிக்காம விடுவோம்பா, மீதி 6 மாவை எப்பவும் போலச் செய்யுங்க, ஒப்பிட்டுப் பார்ப்போம்"னேன். நம்ம ஏ/பி டெஸ்ட். அப்பா சிரிச்சார். "பூச்சிக்கு வரப்பு தெரியுமாடா?"

அந்த ஒரு கேள்வியில என் டெஸ்ட் டிசைன் முடிஞ்சுபோச்சு. 3 மாவும் 6 மாவும் தனித்தனி இல்ல. அதைவிட, எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் தனித்தனி இல்ல. டெல்டாவுல நிறைய இடத்துல தண்ணி வாய்க்கால்ல இருந்து நேரா ஒவ்வொரு வயலுக்கும் போகாது, மேல் வயல்ல பாய்ஞ்சு கீழ் வயலுக்கு வரும். எங்களுக்கு மேல பெரியப்பா வயல். அவர் போடுற குருணை மருந்து கரைஞ்சு எங்க வயல் வழியாத்தான் வடியும்.

அப்பாவும் நானும் போய்ப் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் கட்டில்ல உக்காந்து, நான் சொன்னதை எல்லாம் மரியாதையாக் கேட்டார். கேட்டுட்டு, "சிலந்திய நம்பி நான் கடன் வாங்கலடா தம்பி"ன்னார். நியாயமான பேச்சு. கடைசியில, அப்பா முகத்துக்காக, குருணையை 40 நாளைக்கு அப்புறம் பார்க்கலாம்னு ஒத்துக்கிட்டார். ஆனா 25-வது நாள் போட்டுட்டார். மழைக்கு முன்னாடி ஆள் கிடைச்சாங்களாம். நான் கோபப்பட்டேன், அப்பா பேசாதேன்னுட்டார். அந்த 2 நாள் மடையை அடைச்சு அவர் தண்ணி எங்க வயலுக்குள்ள வராமப் பார்த்துக்கிட்டோம். 3-ம் நாள் மழை வந்து எல்லாத்தையும் ஒண்ணாக்கிடுச்சு.

ஒண்ணு சொல்லிடறேன், கமெண்ட்ல வருவீங்க. நான் இயற்கை விவசாயப் பிரசாரம் பண்ண வரல. நம்மாழ்வார் பிறந்த இளங்காடு எங்களுக்கு ரொம்ப தூரம் இல்ல, அவர் மேல மரியாதை உண்டு. ஆனா எங்க அப்பா இந்த வருஷமும் யூரியா போட்டார், குறைச்சு, பிரிச்சுப் பிரிச்சுப் போட்டார். எல்லை தாண்டினா மருந்தும் அடிப்போம். 1960-ல தஞ்சாவூருக்குப் பேக்கேஜ் திட்டம் வந்தப்ப விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே கட்டா வந்தது. அதனால வயிறு நிறைஞ்ச தலைமுறை எங்க அப்பாவோடது. அதை மறந்துட்டு நான் லெக்சர் அடிக்க முடியாது. எனக்கு வேண்டியது, எந்தக் கோட்டையும் தெரியாம அறுத்துடக் கூடாதுங்கிறது மட்டும்தான்.

இந்த வருஷம் நாங்க செஞ்சது பெருசா ஒண்ணுமில்ல. எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நட்டோம், காத்தும் வெளிச்சமும் அடிக்குப் போக. அப்பாவுக்கு அது வீணான இடம்னு இன்னும் வருத்தம். வரப்புல உளுந்து ஊனினோம், ஒரு பக்கம் எள். எள்ளுக்குக் காரணம் இருக்கு. சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூணு நாட்டுலயும் வரப்புல பூக்குற செடி வெச்சுச் சோதிச்சாங்க, சில இடத்துல அது எள்ளு. 2016-ல வந்த முடிவு: மருந்து 70 சதவீதம் குறைஞ்சது, விளைச்சல் 5 சதவீதம் கூடுச்சு. புகையான் முட்டைக்குள்ள முட்டை வைக்கிற கண்ணுக்குத் தெரியாத குளவிக்குப் பூந்தேன் வேணும், அதுதான் சங்கதி. எங்க எள்ளுல பாதி மழையில அழுகிடுச்சு. புரட்டாசியில எள்ளு போடுறவன் நீ ஒருத்தன்தான்டான்னு ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க. உளுந்து நிக்குது.

ஜாவா ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு, அது நம்ம டெல்டாவைப் பார்த்து எழுதின மாதிரியே இருக்கும். நிலம் மாசக்கணக்காக் காய்ஞ்சு கிடந்து, அப்புறம் கண்ணுக்கு எட்டுற தூரம் ஒரே நேரத்துல நட்டா, வேட்டைப் பூச்சிங்க வந்து சேர நாளாகும். அதுங்க எங்கயாவது ஒதுங்கியிருந்துதானே வரணும்? மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறக்கணும். 2012-ல இருந்து 8 வருஷம் அந்தத் தேதியில திறக்கல, 2020-லதான் திரும்பத் திறந்தாங்க. குறுவை இல்லாத வருஷம் எங்க நிலம் மாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் வெடிச்சுக் கிடக்கும். எங்க பக்கம் கொஞ்சம் அதிர்ஷ்டம், நடுவுல வாழையும் வெத்தலைக் கொடிக்காலும் இருக்கு, ஆத்தங்கரைப் புல் இருக்கு. சிலந்தி கோடையை அங்கதான் கழிக்குதுன்னு நினைக்கிறேன். அறுவடைக்கு முன்னாடி நெல்லுக்குள்ளயே உளுந்து விதைக்கிற வழக்கமும் அந்த இடைவெளியைச் சுருக்கும். இப்ப அறுவடை மெஷின் ஏறி மிதிக்குதுன்னு அதையும் பல பேர் விட்டுட்டாங்க.

2020-ல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க. நல்ல சட்டம், எண்ணெய்க் கிணறு புதுசா வராம நிலம் நிலமா இருக்கும். அந்த நிலத்துக்குள்ள யார் யாரைத் தின்னு உயிரோட இருக்காங்கங்கிறது எந்தச் சட்டத்துலயும் எழுத முடியாத சமாசாரம். அது 25-வது நாள் பெரியப்பா வீட்டுக் கட்டில்ல முடிவாகுது.

சரி, இன்னைக்கு நிலவரம். சாயங்காலம் மழை விட்டதும் அப்பாவும் நானும் இறங்கி எண்ணினோம். குறுக்கால நடந்து 20 குத்து. குத்தைச் சாய்ச்சு அடியில லேசாத் தட்டணும், விழுறதை எண்ணணும். ஒரு குத்துல சுமார் 15, 20 தூர் இருக்கும், அதால வகுக்கணும். அப்பா தட்டுவார், நான் போன்ல டார்ச் அடிச்சு எண்ணுவேன். முதல்ல அவர் எண்ணமாட்டேன்னார். 10-வது குத்துக்கு அப்புறம், "நில்லு, அந்தப் பக்கம் ரெண்டு சிலந்தி ஓடிச்சு, அதை விட்டுட்ட"ன்னு எனக்கே திருத்தம் சொன்னார்.

மேட்டுப் பக்கம் தூருக்கு ஒண்ணுகூட இல்ல, சிலந்தி எல்லாக் குத்துலயும். கவலை இல்ல. பெரியப்பா மடை இறங்குற பள்ளத்து மூலையில தூருக்கு ஒண்ணரை. அங்க சிலந்தி சில குத்துல இருக்கு, சில குத்துல இல்ல. 6 குத்துல 4 சிலந்தி. எல்லை ஒண்ணா, ரெண்டா? தண்ணியை வடிச்சு அடியைக் காயவிடணும்னு புத்தகம் சொல்லுது. இந்த மழையில எங்க வடிக்கிறது?

கொட்டாயில மருந்து கேன் இருக்கு. பைரித்ராய்டு இல்ல, இந்தத் தடவை பார்த்து வாங்கினதுதான். அடிச்சா அந்த மூலையில மட்டும், மேல தூவாம, குத்தோட அடியில படுற மாதிரி. அப்பா நாளைக்குக் காலையில அடிச்சிடலாம்ங்கிறார். நான் இன்னும் 2 நாள் பார்க்கலாம்ங்கிறேன். 2 மா நிலம் இப்படித்தான் போன வருஷம் என் பேச்சைக் கேட்டுப் போச்சு, அதனால அழுத்திச் சொல்ல எனக்கு வாய் வரல.

கடைசியா, விடிஞ்சதும் அந்த மூலையில மட்டும் இன்னொரு 20 குத்து எண்ணிட்டு முடிவு பண்றதுன்னு பேசி வெச்சிருக்கோம். அப்பா அலாரம் வைக்கச் சொல்லிட்டுப் படுத்துட்டார். தவளை இன்னும் நிறுத்தல. நானும் படுக்கணும், 5 மணிக்கு எழுந்திரிக்கணும். டார்ச்சுக்கு சார்ஜ் போட்டுட்டேன்.